கொலை நடந்தது ஸ்டாஃப் ரூமில்... சந்தேகம் எல்லா பிஹெச்.டி-க்கள் மீதும்! - கல்லூரிக்குள் துப்பறியும் காமெடி நாவல்களும், பொட்டிபுரத்தில் நடக்க வேண்டிய ஒரு கதையும்

சம்பவ இடம்: கல்லூரி நூலகம். நேரம்: இரவு 9 மணி. சந்தேகத்துக்கு உரியவர்கள்: ஏழு பேர். ஏழு பேருமே பிஹெச்.டி. முடித்த பேராசிரியர்கள். அவர்களில் நான்கு பேர் ஒருவரோடு ஒருவர் பேசியே பத்து வருடங்கள் ஆகின்றன. காரணம், துறைத் தலைவர் நாற்காலி!

இதைப் படித்ததும் உங்கள் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தால், நீங்களும் இந்த ரக நாவல்களுக்கு ஏற்ற வாசகர்தான். பல்கலைக்கழகத்துக்குள் ஒரு குற்றம், அதைத் துப்பறிய ஒரு பேராசிரியர், பக்கத்துக்குப் பக்கம் நக்கல். ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட 90 ஆண்டுகளாக இதற்கென்றே ஒரு வாசகர் கூட்டம் இருக்கிறது. கொலை, ரத்தம் எல்லாம் இருந்தும் இந்தப் புத்தகங்கள் நம்மை ஏன் சிரிக்க வைக்கின்றன? தமிழில் ஏன் இப்படி ஒரு வரிசை வளரவில்லை? வாருங்கள்... ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கி, தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் பக்கத்தில் இருக்கும் பொட்டிபுரம் மலையடிவாரம் வரை ஒரு நடை போய் வரலாம்.

காணாமல் போன பொம்மைக் கடை

1930-களில்தான் இந்த ரகம் சூடு பிடித்தது. 1935-ல் டோரதி எல்.சேயர்ஸ் எழுதிய 'காடி நைட்' வெளியானது. ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்கான ஒரு கற்பனைக் கல்லூரி. அங்கே யாரோ மொட்டைக் கடிதம் போடுகிறார்கள், பொருள்களை நாசம் செய்கிறார்கள். கதையில் கொலையே கிடையாது. ஆனாலும் படபடப்பு குறையாது. அடுத்த ஆண்டே மைக்கேல் இன்னஸ் என்ற பெயரில் ஒரு ஆங்கிலப் பேராசிரியர் 'டெத் அட் தி பிரசிடென்ட்ஸ் லாட்ஜிங்' எழுதினார். அதில் கல்லூரித் தலைவரே கொலையாகிவிடுவார். அங்கிருக்கும் அறிவாளிகள் அத்தனை பேரும் சந்தேக வளையத்துக்குள் வந்துவிடுவார்கள்.

இந்த வரிசையில் காமெடிக்கு உச்சம் என்றால் எட்மண்ட் கிரிஸ்பின்தான். இவருடைய நிஜப் பெயர் புரூஸ் மான்ட்கோமரி. இசையமைப்பாளர். இங்கிலாந்தின் புகழ்பெற்ற 'கேரி ஆன்' நகைச்சுவைப் படங்களில் சிலவற்றுக்கு இசை இவர்தான். ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோதே முதல் துப்பறியும் நாவலை எழுதிவிட்டார். அது 1944-ல் புத்தகமானது. அவர் படைத்த துப்பறிவாளர் ஜெர்வாஸ் ஃபென், ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். சத்தம் போட்டு ஓடும் ஒரு சிவப்பு கார் வைத்திருப்பார். அந்த காருக்கு 'லில்லி கிறிஸ்டின்' என்று பெயர் வேறு!

1946-ல் வந்த 'தி மூவிங் டாய்ஷாப்' கதையைக் கேளுங்கள். ஒரு கவிஞர் ராத்திரி நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வருகிறார். ஒரு பொம்மைக் கடை திறந்து கிடக்கிறது. மாடிக்குப் போனால் ஒரு பெண்ணின் பிணம். யாரோ பின்னாலிருந்து தலையில் ஓங்கி அடிக்க, மயங்கி விழுகிறார். கண் விழித்ததும் தப்பித்து ஓடி, போலீஸைக் கூட்டிவந்து காட்டினால்... அங்கே பொம்மைக் கடையே இல்லை. மளிகைக் கடை இருக்கிறது! போலீஸ் நம்புமா? நம்பவில்லை. பழைய நண்பர் ஃபென்தான் நம்புகிறார். நடுவில் இருவரும் அடைபட்டுக் கிடக்கும்போதுகூட, 'யாராலும் படித்து முடிக்க முடியாத புத்தகங்கள் எவை' என்று பட்டியல் போட்டு விளையாடுவார்கள். குற்றவாளியைத் துரத்தும் கட்டத்தில் மாணவர் கூட்டமே தெருவில் ஓடும். கடைசியில் வரும் ராட்டினக் காட்சியை ஹிட்ச்காக் தன் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெயின்' படத்தில் பயன்படுத்திக்கொண்டார்.

ஏன் பிடிக்கிறது?

முதல் காரணம் எளிமையானது. கல்லூரி என்பது காம்பவுண்டு சுவர் போட்ட ஓர் ஊர். கேட்டைப் பூட்டிவிட்டால் குற்றவாளி உள்ளேதான் இருக்கிறார். யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்பதற்கு டைம்டேபிளே சாட்சி. துப்பறியும் கதைக்கு இதைவிட வசதியான களம் கிடைக்காது.

இரண்டாவது, ஆராய்ச்சியும் துப்பறிதலும் ஒரே வேலைதான். ஆதாரத்தைத் தேடு, பொருந்தாததைக் கழி, மிச்சம் இருப்பதை நிரூபி. பேராசிரியர் தன் வகுப்பில் செய்வதையே பிணத்துக்குப் பக்கத்தில் நின்று செய்கிறார்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. பெரிய படிப்பு படித்தவர்களைப் பார்த்தால் நமக்கெல்லாம் கொஞ்சம் பயம் உண்டு. அவர்கள் பேசும்போது புரியாவிட்டாலும் தலையாட்டுவோம். 'இதுகூடத் தெரியலையா?' என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். இந்த நாவல்களில் அந்தக் கூச்சத்துக்கு இடமே இல்லை. பூமியின் வயது தெரிந்தவருக்கு, தன் மேஜைச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சுவடியைப் படிப்பவர், பக்கத்து அறைக்காரரின் முகத்தைப் படிக்கத் தவறிவிடுகிறார். அங்கே ஓர் ஆள் வந்து, யாரும் கேட்கத் துணியாத சின்னக் கேள்வியைக் கேட்கிறார். மொத்த மர்மமும் உடைகிறது. நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில், 'நாமும் கேட்டிருக்கலாமே' என்ற தைரியமும் கலந்திருக்கிறது.

'அவர்' என்றால் ஆணா, பெண்ணா?

ஒரு சுவாரஸ்யமான உதாரணம். சாரா காட்வெல் என்ற இங்கிலாந்து பெண் வழக்கறிஞர் 1981-ல் எழுதத் தொடங்கி மொத்தம் நான்கு துப்பறியும் நாவல்கள் எழுதினார். துப்பறிபவர் ஹிலரி டாமர், ஆக்ஸ்ஃபோர்டில் சட்டப் பேராசிரியர். நான்கு நாவல்களிலும் ஹிலரி ஆணா, பெண்ணா என்று கடைசி வரை சொல்லவே மாட்டார் காட்வெல்!

ஹிலரியே 'நான்' என்று கதை சொல்வதால் ஆங்கிலத்தில் இந்த வித்தை நடந்தது. இதே நாவலைத் தமிழில் எழுதினால் கஷ்டமே இல்லை. 'பேராசிரியர் வந்தார், காபி குடித்தார், கொலைகாரனைக் கண்டுபிடித்தார்' என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். நம் 'அவர்' பார்த்துக்கொள்ளும். பேராசிரியருக்கு நம் மொழி எப்போதும் மரியாதை விகுதி போட்டே பேசுகிறது. அந்த மரியாதைக்குள்ளேயே ஒரு ரகசியத்தை ஒளித்துவைக்கலாம் என்பது தமிழ் எழுத்தாளர்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கும் வசதி.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானே என்று தோன்றலாம். எழுதியவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

டோரதி சேயர்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பை முடித்தது 1915-ல். அப்போது அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை. 1920-ல் விதி மாறிய பிறகுதான் பட்டம் கைக்கு வந்தது. படித்து முடித்தும் ஐந்து வருடம் காத்திருந்த ஒருவர், பெண்கள் கல்லூரியைக் களமாக வைத்து நாவல் எழுதினால் அதில் எத்தனை விஷயம் இருக்கும்!

அமெரிக்காவில் அமாண்டா கிராஸ் என்ற பெயரில் 1964-ல் ஒரு துப்பறியும் நாவல் வந்தது. கதாநாயகி கேட் ஃபேன்ஸ்லர், ஓர் இலக்கியப் பேராசிரியை. எழுதியவர் யார் என்று வெளியே தெரியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் பணியாற்றிய கரோலின் ஹெய்ல்ப்ரன்தான் அவர். துப்பறியும் கதை எழுதுகிறார் என்று தெரிந்தால் நிரந்தரப் பணி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் புனைபெயருக்குள் ஒளிந்திருந்தார். பிறகு அந்தத் துறையில் நிரந்தரப் பணி பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். 1981-ல் வந்த அவருடைய நாவல் ஒன்றில், ஹார்வர்டு ஆங்கிலத் துறையின் முதல் நிரந்தரப் பெண் பேராசிரியை ஆண்கள் கழிவறையில் இறந்து கிடப்பார். 'பெண்களுக்கு இங்கே இடம் எங்கே?' என்ற கேள்வியை இதைவிடக் குத்தலாகக் கேட்க முடியுமா? நேரடியாகப் பேசினால் வேலை போகும் இடத்தில், துப்பறியும் கதை அவருக்கு வாயாக இருந்தது.

நம்ம ஊர் சாம்புவும் வசந்தும்

தமிழில் காமெடி துப்பறிவாளருக்குப் பஞ்சமே இல்லை. 1940-களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' இன்றைக்கும் தாத்தா-பாட்டிகள் சொல்லிச் சிரிக்கும் பெயர். பார்க்க அசடு போல இருக்கும் ஒரு வங்கி குமாஸ்தா. எதையோ உளறுவார், எங்கேயோ தடுக்கி விழுவார். அவர் விழுந்த இடத்தில்தான் குற்றவாளி இருப்பான். சாம்புவை நமக்குப் பிடித்ததற்கும் இதே காரணம்தான். எல்லோரையும்விடக் கடைசி பெஞ்சில் இருப்பவர், முதல் பெஞ்சுக்காரர்களை ஜெயிக்கிறார்.

பிறகு சுஜாதா வந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் பொறியியலும் படித்தவர். அவருடைய கணேஷ்-வசந்த் இருவரும் வழக்கறிஞர்கள். வசந்தின் குறும்புக்காகவே தொடர்கதை படித்தவர்கள் உண்டு. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா என்று பாக்கெட் நாவல் காலம் முழுக்க ஜோடி ஜோடியாகத் துப்பறிந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் வாங்கி, ஊர் வந்து இறங்குவதற்குள் படித்து முடித்துவிடும் புத்தகங்கள்.

ஆனால், இவர்கள் யாரும் பேராசிரியர்கள் இல்லை. வக்கீல், டிடெக்டிவ் ஏஜென்சி, போலீஸ், வங்கி குமாஸ்தா. கல்லூரி வந்தாலும் ஓர் அத்தியாயத்துக்கு வந்து போகும். 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்', 'நண்பன்' படங்களில் கல்லூரி முதல்வரைக் கிண்டல் செய்தபோது தியேட்டரே சிரித்தது. இரண்டுமே இந்தியில் இருந்து வந்த கதைகள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஏன் இந்தத் தயக்கம்? ஆக்ஸ்ஃபோர்டில் பல தலைமுறைகளாகக் கல்லூரிக்குப் போன குடும்பங்கள் இருந்தன. தாத்தா படித்த இடத்தைப் பேரன் கேலி செய்வது எளிது. நம் ஊரில் பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அண்ணனோ அக்காவோதான். போடியில் இருந்து விடிவதற்கு முன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு, கல்லூரி என்பது குடும்பமே சேர்ந்து வாங்கிய ஒரு டிக்கெட். போடியில் ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் சங்கத்தின் பெயரிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. சி.பி.ஏ. கல்லூரி என்பார்கள். காய் விற்ற காசு படிப்பாக மாறிய ஊர் இது. அப்படி வந்த படிப்பைக் கிண்டல் செய்ய மனசு வராதுதான்.

ஆனால், கிண்டல் வேறு, கேள்வி வேறு. கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும், கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பொட்டிபுரம் பக்கத்திலேயே ஒரு நிஜக் கதை இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத குற்றவாளி

அந்தக் கதை தொடங்குவது சுவிட்சர்லாந்தில். சூரிச்சில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் வுல்ஃப்காங் பவுலி. அந்தக் காலத்தில் விஞ்ஞானிகளுக்கு ஒரு திருட்டுக் கேஸ் பெரிய தலைவலியாக இருந்தது. சில அணுக்கருக்கள் சிதையும்போது, கொஞ்சம் ஆற்றல் கணக்கில் இருந்து காணாமல் போனது. ஆற்றல் அழியாது என்ற விதியையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனார் நீல்ஸ் போர்.

1930 டிசம்பர் 4 அன்று பவுலி, ஜெர்மனியில் கூடியிருந்த விஞ்ஞானிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'யார் கண்ணிலும் படாத ஒரு துகள் அந்த ஆற்றலைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம்' என்பதுதான் விஷயம். சரி, இவ்வளவு பெரிய யோசனையைச் சொல்ல நேரில் வரக் கூடாதா? வர முடியாதாம். சூரிச்சில் ஒரு நடன விருந்து இருக்கிறது என்று கடிதத்திலேயே காரணம் சொல்லியிருந்தார்! கிரிஸ்பின் கற்பனை செய்த எந்தப் பேராசிரியரும் இதைத் தாண்ட முடியாது.

அந்தக் குற்றவாளிதான் நியூட்ரினோ. அதைப் பிடிக்கக் கிளம்பிய அமெரிக்க விஞ்ஞானிகள் ரெய்னஸ், கோவன் இருவரும் தங்கள் திட்டத்துக்கு ஒரு குறும்புக்காரப் பேயின் பெயரை வைத்தார்கள். 1956-ல் பிடித்தும் விட்டார்கள். 1965-ல் கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், காற்று மண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவின் தடயத்தை இந்திய விஞ்ஞானிகள் இடம்பெற்ற குழு கண்டது. உலகிலேயே அது முதல் சாதனைகளில் ஒன்று.

அதன் தொடர்ச்சியாகத்தான் பொட்டிபுரம் செய்திகளில் வந்தது. மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்பில் ஒரு கருவி வைத்து நியூட்ரினோவைத் துப்பறியும் ஆய்வகம். மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை இருந்தால்தான் மற்ற துகள்களின் தொந்தரவு இல்லாமல் இதைப் பார்க்க முடியும். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

ஊர்க்காரர்கள் கேட்டார்கள். தண்ணீர் என்ன ஆகும்? மாடு மேய்க்க மலைக்குள் போக விடுவார்களா? வெடி வைத்தால் அணைகளுக்கு ஆபத்தா? கதிர்வீச்சு வருமா? நியூட்ரினோ இயற்கையாகவே நம் உடம்பு வழியாக நொடிக்குக் கோடி கோடியாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதனால் தீங்கில்லை என்றார்கள் விஞ்ஞானிகள். மலைக்கும் காட்டுக்கும் என்ன ஆகும் என்ற கேள்வி அதோடு தீரவில்லை. விஷயம் நீதிமன்றத்துக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போனது. 2017-ல் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது, 2018-ல் மீண்டும் தரப்பட்டது. 2022-ல் இந்தத் திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

யார் பக்கம் நியாயம் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மெத்தப் படித்தவர்களும், அந்த மலையோடு தினமும் வாழ்கிறவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு பொதுவான மொழி வேண்டியிருந்தது. கேள்வி கேட்பவரை 'விவரம் தெரியாதவர்' என்று நினைக்காத மொழி. பதில் சொல்பவரை 'ஏமாற்ற வந்தவர்' என்று நினைக்காத மொழி. காமெடி துப்பறியும் நாவல் தலைமுறைகளாகப் பழக்கிவருவது அந்த மொழியைத்தான்.

இப்படி ஒரு கதை எழுதலாமே!

ஒரு கற்பனைக் கதை சொல்கிறேன். போடி மலையடிவாரத்தில் ஒரு கற்பனைக் கல்லூரி. அதற்குச் சொந்தமாகச் சின்ன ஏலக்காய்த் தோட்டம். சென்னையில் இருந்து புதிதாக வந்த இயற்பியல் பேராசிரியர் ஒருவரிடம் கணக்கு நோட்டு வருகிறது. 100 கிலோ காய் பறித்ததாக ஒரு பக்கம். கையிருப்பு 17 கிலோ என்று அடுத்த பக்கம். 83 கிலோ திருட்டு!

'ஸ்டோர்ல போட்டோம் சார்' என்கிறார் அட்டெண்டர். பேராசிரியர் ஸ்டோர் ரூமைத் தலைகீழாகப் புரட்டுகிறார். ஒன்றும் இல்லை. அட்டெண்டரை வேலையை விட்டே நிறுத்திவிடுகிறார்கள். விசாரணைக் கமிட்டி கூடுகிறது. ஏழு பிஹெச்.டி-க்கள் 40 பக்கத்துக்கு அறிக்கை எழுதுகிறார்கள்.

டீ கொண்டுவரும் அக்கா, போடி குடோனில் வருடக்கணக்காகக் காய் தரம் பிரித்தவர். அறிக்கையை வாசிப்பதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்கிறார். 'ஏன் சார், பச்சக் காய ஸ்டோர்ல போட்டா தண்ணி வத்தாதா சார்?'

ஏலத்தோட்டங்களில் 'ஸ்டோர்' என்றால் காய் உலர்த்தும் கட்டடம். ஐந்து கிலோ பச்சைக் காயை உலர்த்தினால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். காணாமல் போனது தண்ணீர்! கமிட்டி அசடு வழிகிறது. எல்லோரும் எழுந்து போகும்போது அக்கா இன்னொன்றும் கேட்கிறார். 'அப்படிப் பாத்தாலும் 20 கிலோ வரணுமே சார். 17தான இருக்கு. அந்த மூணு கிலோ எங்க போச்சு?'

அங்கேதான் நிஜக் கதையே ஆரம்பிக்கிறது. இல்லாத 80 கிலோவைத் தேடி ஓடியதில், நிஜமாகவே போன 3 கிலோவை ஒருவரும் கவனிக்கவில்லை. பாவம் அட்டெண்டர், அவருடைய மாதச் சம்பளம் அந்த 40 பக்க அறிக்கைக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. அதை மீட்கப்போவது பட்டம் வாங்காத ஒருவரின் அனுபவ அறிவு. இந்தக் கதையில் பேராசிரியரும் கெட்டவர் இல்லை. தன் தப்பு புரிந்ததும் அக்காவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'நீங்க சொல்லுங்கக்கா' என்று நோட்டைத் திறந்தால், ஜோடித் துப்பறிவாளர்கள் வரிசையில் புது ஜோடி தயார்!

எங்கிருந்து தொடங்கலாம்?

ஆங்கிலத்தில் படிக்க விருப்பம் இருந்தால், சிரிப்புக்கு 'தி மூவிங் டாய்ஷாப்' நல்ல தொடக்கம். நிதானமாகப் படிப்பவர்கள் 'காடி நைட்'டை எடுக்கலாம். ஆராய்ச்சியில் நேர்மை பெரிதா, ஒருவரின் பிழைப்பு பெரிதா என்ற கேள்வி புத்தகத்தை மூடிய பிறகும் விடாது. தமிழில் 'துப்பறியும் சாம்பு'வை வீட்டில் சத்தமாக ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம். பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

பேராசிரியர்களே, மாணவர்களே... நம் கல்லூரிகளில் பூட்டிய லேப், பழைய பரீட்சைப் பேப்பர் கட்டு, யாரும் எடுக்காத நூலகப் புத்தகம் என்று மர்மங்களுக்குக் குறைவே இல்லை. இந்த வரிசையைத் தமிழில் தொடங்கிவைக்கப்போவது யார்? போடி பக்கம் இருந்து ஒருவர் எழுதினால், டீ கொண்டுவரும் அக்காவுக்கு நல்ல பெயராக வையுங்கள். துப்பறிவாளர் அவர்தான்!